காணிக்கையாக வைத்த முதல் மழை

ஒரு வாத்தியார் எவ்வளவு முட்டாளாக இருக்கலாம் என்பதற்கு அரசாங்கம் உச்சவரம்பு எதுவும் விதிக்கவில்லை. அந்தச் சலுகையை நான் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட வருடம் ஒன்று உண்டு. ஊரெல்லாம் மழைக்காக வேண்டிக்கொண்டிருந்தபோது, நான் மழைக்கே வேதபாடம் நடத்தப் போனேன். மழை அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் என் வகுப்பில் ஒரு சிறுமி பொருட்படுத்திவிட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வறட்சி வருடங்களில் நடந்தது இது. கட்டடம் என்று ஒன்று இருந்தால் அதில் மழைநீர் சேகரிப்பும் இருந்தே தீர வேண்டும் என்று அரசு கண்டிப்புக் காட்டிய நேரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில், பிள்ளைப்பாக்கத்துக்கு அருகே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியர். தமிழாசிரியருக்கு வேலை குறைவு என்பது எல்லாப் பள்ளிகளிலும் நிலவும் நம்பிக்கையாதலால் நன்னெறி வகுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

பள்ளிக்கு ஒரு பக்கம் வயல். அதாவது, வயலாக இருந்து மனைக்கல் முளைத்துக்கொண்டிருந்த இடம். இன்னொரு பக்கம் சாலை. சாலைக்கு அப்பால் பழைய இரும்பை வாங்கி உருக்குகிற ஒரு சின்னத் தொழிற்சாலை. அதன் புகை எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தாண்டித்தான் வானத்துக்குப் போகும். போகிற வழியில் பாதியை எங்களிடம் இறக்கிவிட்டுப் போகும். காலையில் பிள்ளைகள் வந்ததும் பெஞ்சில் படிந்த கரியில் விரலால் பெயர் எழுதிப் பார்ப்பார்கள். எழுத்துப் பயிற்சி என்று நான் கண்டுகொள்வதில்லை. கிணற்றுத் தண்ணீர் கொஞ்ச காலம் துரு ருசி காட்டிவிட்டு, பிறகு அந்த ருசியும் இல்லாமல் வற்றிப் போயிருந்தது. டேங்கர் லாரி வந்தால் தண்ணீர், வராவிட்டால் நன்னெறி.

அந்தச் சமயத்தில்தான் பேராயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. படைப்பைப் பேணுவது விசுவாசியின் கடமை, அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும், சிறப்பாகச் செய்யும் பள்ளி ஆண்டு விழாவில் பேராயர் முன்னிலையில் கௌரவிக்கப்படும் என்று அதில் இருந்தது. அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் வாசித்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் தோள்பையில் எப்போதும் ஒரு பாட்டில் கேன் தண்ணீர் இருக்கும். எனக்குத் தொண்டை சென்சிட்டிவ் என்று சொல்லிக்கொள்வேன். தெற்கத்திப் பக்கம் பனங்காட்டுக் கிணற்றில் கையால் அள்ளிக் குடித்து வளர்ந்த தொண்டை அது. இங்கே வந்த பிறகுதான் அதற்கு இந்த நாகரிகம் வந்தது.

ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தேன். வகுப்பில் பாதி, உள்ளூர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். மீதி, கம்பெனி வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்களின் பிள்ளைகள். கிறிஸ்தவப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். எனவே எல்லோருக்கும் புரியும்படி சொன்னேன். உலகத்தைப் படைத்தவர் அதை ஒரு தோட்டமாக மனிதன் கையில் ஒப்படைத்தார். கிரயம் பண்ணிக் கொடுக்கவில்லை, பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார். ஆகவே நாம் முதலாளிகள் அல்ல, உக்கிராணக்காரர்கள் என்றேன்.

வகுப்பு என்னைப் பார்த்தது. தேவாலயத்துக்கு வெளியே அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்திப் பல காலம் ஆகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அகராதித்தனமாக நான் விளக்க ஆரம்பிக்க, முதல் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய, ஒல்லியான பெண். அம்மா வழியில் பிள்ளைப்பாக்கத்துக்காரி. அப்பா இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள்.

"சார், எங்கப்பா கம்பெனில ஸ்டோர்ஸ் இன்சார்ஜுனு ஒருத்தரு கீறாரு. அவரு மாதிரியா சார்?"

"அவர் என்ன பண்ணுவார்?"

"அங்க கீற எதுவும் அவுருது இல்ல சார். ஆனா ஒரு நட்டு காணாப் போனாலும் அவருதான் பதில் சொல்லணும். அதனால எல்லாரையும் திட்டிகினே இருப்பாராம்."

பேராயம் அச்சடித்து அனுப்பிய புத்தகம் பல பக்கங்களில் சொல்லி முடியாததை அவள் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் பூரித்துப் போனேன். அந்த இடத்திலேயே அவளைப் பள்ளியின் தண்ணீர் இன்சார்ஜ் ஆக்கினேன். அட்டையில் நீல மை தடவி ஒரு பேட்ஜ். "ஒவ்வொரு சொட்டுக்கும் ஒருநாள் கணக்கு கேப்பாங்க. யாருகிட்ட? உன்கிட்ட!" என்று விரலை நீட்டினேன். மேடை நாடகம் எழுதிப் பழகியவனுக்கு இப்படி வசனம் வந்துவிட்டால் விட மனது வராது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் அதைச் சொன்னேன்.

அவள் பதவி வகித்த லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடைவேளையில் குழாயடியில் நின்றுகொள்வாள். "டேய், மூஞ்ச கழுவறியா, லாரிய கழுவறியா? மூடுறா!" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன்களையே அதட்டுவாள். தலைமையாசிரியை அம்மா டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை ஜன்னல் வழியாக வீசியபோது, வாசலில் நின்று, "மேடம், அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாளாம். அம்மா சிரித்துவிட்டார். மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். பக்கத்தில் செடி இல்லையென்றால் அவளே வாங்கிக் குடித்துவிடுவாள். "ஏ, தண்ணி லாரி!" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். "லாரி இல்லடா, இன்சார்ஜு!" என்று திருத்துவாள். ஸ்டாஃப் ரூமில் இதையெல்லாம் நானே நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

பள்ளியில் மழைநீர்த் தொட்டி கட்டினார்கள். கூரையிலிருந்து குழாய், குழாய் முடிவில் சிமென்ட் தொட்டி, தொட்டி வாயில் மணலும் அடுப்புக்கரியும் போட்ட ஒரு தட்டு, கீழே ஒரு பித்தளைக் குழாய். வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். அதற்குமேல் அதில் இறையியலைச் சேர்த்தவன் நான்.

தெற்கே எங்கள் ஊர்த் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. தோட்டத்தில் முதலில் விளைந்ததை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். முதல் வாழைத்தார், முதல் பூசணி, கோழி இட்ட முதல் முட்டை எல்லாம் கோயிலுக்கு வரும். முதற்பலன் ஆண்டவருக்கு. சின்ன வயதில் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்த ஊரிலோ முதற்பலன் கொடுக்க வயல் இல்லை. விளைவதெல்லாம் மனைக்கல். அப்படியானால் எங்கள் கூரையில் விளையப்போகிற முதல் மழையே எங்கள் முதற்பலன்! அதைப் பிடித்து வைப்போம்; பள்ளியில் அறுப்பின் பண்டிகை நடத்துவோம்; அன்று ஜெபம் செய்து எல்லோரும் ஆளுக்கொரு டம்ளர் குடிப்போம். இந்த யோசனை தோன்றிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேராயர் கைகுலுக்குவதுவரை போய்விட்டேன்.

ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது அறிவியல் டீச்சர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அதிகம் பேசாதவர்.

"முதல் மழைய வெளிய விட்டுடணும் சார். கூரை அழுக்கு மொத்தமும் அதுலதான் இறங்கும். அடுத்த மழையிலேர்ந்துதான் புடிக்கணும்."

"டீச்சர், முதல் கதிரைக் கோழிக்குப் போட்டுட்டு ரெண்டாம் கதிரையா ஆண்டவருக்குக் குடுப்பீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியை அம்மாகூட, "சார் சொல்றது அழகாத்தான் இருக்கு" என்றார். டீச்சர் விடைத்தாள் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஆண்டவர் குடிக்கப் போறதில்லையே சார். பசங்கதானே குடிக்கப் போறாங்க" என்றார். நான் ஒரு புன்னகை புரிந்தேன். விசுவாசம் குறைந்தவர்களுக்கென்று நான் தனியாக வைத்திருந்த புன்னகை அது.

முதல் மழை ஒரு பிற்பகலில் வந்தது. பிள்ளைகள் வராந்தாவில் நின்று கைதட்டினார்கள். குழாயிலிருந்து தண்ணீர் கொள்ளு ரசம்போல இறங்கியது. அதில் புறா இறகு ஒன்று சுழன்றுகொண்டே போனது. "கரிக்குக் கரியே மருந்து. தட்டுல இருக்கிற அடுப்புக்கரி எல்லாத்தையும் புடிச்சிக்கும்" என்று அறிவித்தேன். டீச்சர் வகுப்புக்குள் போய்விட்டார். அதோடு மழையும் நின்றுவிட்டது. திரும்பி வர நாளாயிற்று. தொட்டியை மூடினோம். பண்டிகைவரை யாரும் குழாயில் கைவைக்கக் கூடாது. அதற்குக் காவல் யார் என்று சொல்லத் தேவையில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட அவள் தொட்டியடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் தெளிந்து நின்றது. என் முகம் தெரிந்தது. தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தமாகவும் இருக்கும் என்று நம்புவது தமிழாசிரியர்களுக்கு வரும் வியாதி.

பண்டிகை நாளன்று பள்ளி முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை. உள்ளூர்ப் பிள்ளைகள் பூசணியும் முருங்கைக்காயும் கொண்டுவந்தார்கள். கம்பெனிக்காரர்களின் பிள்ளைகளுக்கு என்ன கொண்டுவருவது என்று தெரியவில்லை. ஒருத்தன், அப்பா கொடுத்தார் என்று, ரிஜெக்ட் ஆன கார் விளக்கின் கண்ணாடி மூடியைக் கொண்டுவந்து பூசணிக்குப் பக்கத்தில் வைத்தான். முதற்பலன்தான், கழித்துப் போடப்பட்ட முதற்பலன். பேராயத்திலிருந்து ஒரு பிரதிநிதி கேமராவோடு வந்திருந்தார். அவருக்கு இளநீர் கொடுத்தோம்.

தண்ணீர் எல்லோருக்கும் எட்டாது என்பதால், நான் தொடங்கிய சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் மட்டும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். எல்லோர் கையிலும் எவர்சில்வர் டம்ளர். இன்சார்ஜ்தான் பித்தளைக் குழாயைத் திறந்து ஒவ்வொன்றாக நிரப்பினாள். என் டம்ளரை நிரப்பும்போது மட்டும் விளிம்புவரை நிரப்பிவிட்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் நீட்டினாள்.

டம்ளரை உயர்த்தியபோது ஒரு வாடை வந்தது. வெடித்த பட்டாசையும் காயாத ஈரத்துணியையும் ஒன்றாகக் கட்டி வைத்த மாதிரி. புதுச் சிமென்ட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினேன். மேகத்துக்கு நன்றி சொன்னேன், கூரைக்கு நன்றி சொன்னேன், குழாய்க்கும் சொன்னேன். ஜெபம் நீண்டது. வாடை இல்லாமல் இருந்திருந்தால் அவ்வளவு நீண்டிருக்குமா என்பது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது பிரதிநிதி, "சார், பூசணியோட ஒரு படம்" என்று கூப்பிட்டார். டம்ளரைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனேன். "குடிங்க பிள்ளைகளா, ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது" என்று போகிற போக்கில் சொன்னேன்.

படம் எடுத்து முடித்து வந்தபோது டம்ளர்கள் எல்லாம் காலியாக, வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. என்னுடையதும்தான். "எவ்வளவு ஒழுக்கமான பிள்ளைங்க!" என்றார் பிரதிநிதி. நான் என் பாட்டிலைத் திறந்து தொண்டையை நனைத்துக்கொண்டேன். பெரிய ஜெபம் அல்லவா.

மறுநாள் வருகைப் பதிவு எடுத்தபோது மன்றத்துப் பிள்ளைகளில் பலர் வரவில்லை. பண்டிகைக் களைப்பு என்றேன். முதல் பெஞ்சு காலியாக இருந்தது. மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. சிலருக்கு வாந்தி, சிலருக்குப் பேதி. அந்தச் சிறுமியை மட்டும் ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

நானும் தலைமையாசிரியை அம்மாவும் போனோம். கட்டிலில் அவள் இருந்தாள் என்பதை அந்த இரட்டைப் பின்னலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரே இரவில் முகம் அப்படி வற்றிப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஏரி வற்றுவதற்கே இரண்டு கோடை ஆகிறது.

அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இன்னா சார் குடுத்தீங்க புள்ளைக்கு? ராத்திரிலேர்ந்து வாந்தியும் பேதியும். வவுத்துல ஒண்ணும் இல்ல, இன்னமும் எடுத்துகினே கீது. ரத்தமா போவுது சார். காத்தாலேர்ந்து ஒண்ணுக்கே போவல."

நான் வாய் திறப்பதற்குள் டாக்டர் வந்தார். இளம் பெண். கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"என்ன தண்ணி?"

"மழைத் தண்ணீங்க."

"எங்க புடிச்சது?"

"பள்ளிக்கூடக் கூரையில."

"கூரையில புறா உண்டா? கரி, புகை?"

"ரெண்டும் உண்டு."

"எந்த மழை?"

"முதல் மழை."

பேனா நின்றது. "முதல் மழையப் புடிச்சு, மூடி வச்சு, பசங்களுக்குக் குடுத்தீங்களா? யார் சார் அப்படிச் செய்யச் சொன்னது?"

அதற்கு என்னிடம் ஸ்டாஃப் ரூமில் நன்றாக எடுபட்ட ஒரு பதில் இருந்தது. கோழி, கதிர் எல்லாம் அதில் வரும். அந்த வார்டில் அது எடுபடாது. தலைமையாசிரியை அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுநீரகம் வேலை செய்யவில்லை போலிருக்கிறது, உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். அவள் அப்பா அப்போதுதான் ஓடி வந்தார். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் கிரீஸ். "லைன் நின்னுடும், ஷிப்ட முடிச்சிட்டுப் போன்னான் சூப்ரவைசரு. நின்னா நிக்கட்டும்னு கேட்டத் தாண்டி வந்துட்டேன்" என்றார் மனைவியிடம். அந்த வேலை அதோடு போய்விட்டது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மனைவியிடம் தாழ்ந்த குரலில், "சாரே கூட வராரு பாரு. எந்த வாத்தியாரு வருவாரு?" என்றார். என்னை யாரும் அவ்வளவு பலமாக அடித்ததில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு அவளை இணைத்தார்கள். கட்டிலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, அதில் சிறுநீர் இறங்கினால் உடனே சொல்ல வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். இறங்காவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு நான் அடுத்தடுத்த நாட்களும் போனேன். பை சப்பையாகவே தொங்கியது. சொட்டு, சொட்டு என்று மாதக்கணக்கில் மேடை போட்டுப் பேசியவன் நான். ஒரு சொட்டு என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தையை ஒருநாள் மதியம் முகத்தை மூடி எடுத்துப் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் பையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சிறுமியின் அம்மா மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து தலையணைக்கடியில் வைத்தாள். பிறகு என்னிடம், "உங்க சாமி கிட்டயும் ஒரு வார்த்த சொல்லு சார்" என்றாள். "சொல்லியிருக்கேம்மா" என்றேன். பொய். குழாய்க்கெல்லாம் நன்றி சொன்ன வாயில் ஒரு வாக்கியம் உருவாகவில்லை. ஆண்டவரே என்று ஆரம்பிப்பேன். எதிரே அந்தத் தொட்டி வந்து நிற்கும்.

ஒருநாள் நான் டீ வாங்கிக்கொண்டு படியேறும்போது அந்த அம்மா வராந்தாவுக்கே ஓடி வந்தாள். "சார்! வந்துச்சு சார்! கொஞ்சூண்டு வந்துகீது!" உள்ளே ஓடினோம். பையின் அடியில், நான் வாங்கிவந்த டீயின் நிறத்தில், ஒரு மடக்குகூட இருக்காது. அவள் அதை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் காட்டினாள். அவள் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் ஆயுளில் பார்த்த அறுப்பின் பண்டிகை அது ஒன்றுதான்.

சிறுமி பிழைத்தாள். பிழைத்தாள் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம். உப்பில்லாத சோறு, மாதந்தோறும் சென்னை, வீங்கிய முகம், ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த வார்த்தைக்குள் இருக்கின்றன. சிறுநீரகம் முழுதாகத் திரும்பாது என்றார்கள்.

கடைசியாக ஒருநாள் பெரிய டாக்டர் என்னைத்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டு கேட்டார். "மத்த பசங்க ரெண்டு மூணு நாள்ல சரியாயிட்டாங்கன்னு சொல்றீங்க. எல்லாரும் ஒரே டம்ளர்தானே குடிச்சாங்க? இவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" தெரியவில்லை என்றேன். அப்போது உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

பள்ளியில் தொட்டியைத் திறந்து தண்ணீரை வடித்தார்கள். அடியில் கறுப்பாக ஒரு கூழ். அதில் இறகுகள், என்னென்னவோ. அறிவியல் டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்து நின்றேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். எதிரே உள்ள புகையைப் பற்றித் தலைமையாசிரியை அம்மா புகார் எழுதினார். மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, கூரையைப் பார்த்து, தொட்டியைப் பார்த்து, "உங்க கூரைய நீங்கதான் சார் கழுவி வெச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் புகையின் பக்கமாகவே நடந்து போனார். புகை தொடர்ந்தது. பேராயத்தின் பத்திரிகையில் எங்கள் படம் வந்தது: நான், பூசணி, பின்னணியில் டம்ளர் ஏந்திய பிள்ளைகள். கேடயம் தருவதாகவும் கடிதம் வந்தது. அதை வாங்க நான் போகவில்லை. யாரோ போய் வாங்கி வந்து அலமாரியில் வைத்தார்கள். கரி படிந்து, இப்போது அதில் பேர் எழுதிப் பார்க்கலாம்.

அவள் அம்மா அன்று கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோர் வீட்டுக் கூரையிலும் அதே கரி. எல்லோர் கிணற்றிலும் அதே துரு. அந்தத் தண்ணீரால் பிள்ளைக்கு நோவு வந்தால் வாத்தியாரைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வேறு வேலை தேடி வெளியே போயிருந்தார். வாசலில் கயிற்றுக்கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையில் முகம் உப்பி, வேறு யாரோபோல் இருந்தாள். பாவாடையில் அந்த அட்டை பேட்ஜைக் குத்தியிருந்தாள். மை ஓடிப் போயிருந்தது. அம்மா எனக்கு டீ போட உள்ளே போனாள். போகும்போதே, "லாரித் தண்ணிதான் சார், காய்ச்சிக் குடுக்கறேன்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

அந்தத் தண்ணீரில் ஏதோ இருந்தது, தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்லத்தான் போயிருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், டாக்டர் என்னிடம் கேட்டதையே அவளிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே டம்ளர்தானே குடித்தீர்கள், உனக்கு மட்டும் ஏனம்மா இப்படி என்று.

அவள் கொஞ்சம் தயங்கினாள். திட்டு விழுமோ என்று பார்க்கிற பார்வை.

"பசங்க பாதிப் பேரு, நாத்தம் அடிக்குதுனு ஒரு வாய் குடிச்சிட்டு அப்படியே வெச்சிட்டாங்க சார். அங்க செடியும் கிடையாது. கீழ ஊத்தினா கணக்கு வருமே. நான்தானே இன்சார்ஜு. அதான் மிச்சத்தையெல்லாம் நானே குடிச்சிட்டேன்."

இப்போதும் நான் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளிடம் எதைச் சொல்வதாக இருந்தாலும் அதில் ஒரு மடக்கை முதலில் நான் குடித்துப் பார்க்கிறேன். என் பாடங்களில் பாதிக்குமேல் அந்த இடத்திலேயே நின்றுபோய்விடுகின்றன. மீதியைச் சொல்லும்போதும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

அன்று அந்த வாசலில் நான் அந்த மை ஓடிய பேட்ஜையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, தான் சொன்னது போதவில்லை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"அவங்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சந்தான் சார் வெச்சிருந்தாங்கோ. உங்க டம்ளருதான் அப்படியே ரொம்பிகினு இருந்திச்சு."